சைக்கிள் வேகத்தில் உதறிய கார்

கியர் பெட்டி திருத்துகிறவனிடம் நல்ல செய்தியோடு யாரும் வருவதில்லை. அந்த விஷயத்தில் எனக்கும் பல் பிடுங்குகிற வைத்தியருக்கும் ஒரே ராசி.

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதி வழியாகக் கடலைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால், கொஞ்சத் தூரத்தில் என் கராஜ். நானாட்டானில் உழவு இயந்திரம் திருத்தித் தொழில் பழகியவன் நான். உழவு இயந்திரம் நேர்மையான சாமான். நோய் வந்தால் கத்தும், புகை விடும். இப்போது வருகிற இரட்டைக் கிளச் கார்கள் அப்படியல்ல. வெளியே பார்த்தால் ஒட்டோ கியர். இடதுகாலுக்குப் பெடல் கிடையாது. உள்ளே இரண்டு கிளச் ஒளிந்திருக்கும். ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களை ஒன்று பிடிக்கும்; இரண்டு, நான்கு, ஆறை மற்றது பிடிக்கும். நீங்கள் ஒன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே அது இரண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் நினைப்பதற்கு முன் அது நினைத்துவிடும். தெரு வெறுமையாக இருந்து வேகமாக ஓட விட்டால் சொர்க்கம். ஊர்ந்து போகச் சொன்னால்தான் வினை. ஒன்றா இரண்டா என்று முழித்து, உதறி, சூடேறி, நடுத்தெருவில் நின்றுவிடும். வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏறி மிதித்தவுடன் ஒரு கணம் ஒன்றும் நடக்காதே, அந்தக் கணத்தில் என்னைப் போல நீங்களும் குலதெய்வத்தைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

கீழே நான் சொல்லப்போகிற கதைகளில் பாதிக்கு மேல் ஒரே காரைப் பற்றியவை. அந்தக் கார் தன் சொந்தக்காரரைக் கொன்றதா, இல்லையா என்று என்னிடம் கேட்டார்கள். கிளச் தட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா அது?

இல்லாத பெடல்

முதலில் ஒரு கமக்காரர். முப்பது வருடம் உழவு இயந்திரம் ஓட்டியவர். மகன் வெளிநாட்டில் இருந்து காசனுப்பி வாங்கிக் கொடுத்த கார் கண்டபடி குலுங்கி நிற்கிறது என்று கொண்டுவந்தார். பக்கத்தில் ஏறி இருந்து ஓடச் சொன்னேன். இருபது யார் தூரம்கூடப் போயிருக்கமாட்டோம், என் நெற்றி கண்ணாடியில் முட்டியது. குனிந்து பார்த்தால், இடதுகால் கிளச்சைத் தேடிப் போய்ப் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. வலதுகால் போ என்கிறது, இடதுகால் நில் என்கிறது. நடுவில் அகப்பட்டுக் கிளச் எரிகிறது.

இடதுகாலை மடித்துச் சீற்றில் வைத்துக்கொண்டு ஓடச் சொன்னேன். மனிதர் சம்மணம் கட்டியபடி ஓடினார். கார் வெண்ணெய் மாதிரிப் போனது. ஆனால் ஒவ்வொரு தடவை கியர் மாறுகிற நேரத்திலும், மடித்து வைத்த காலின் பாதம் ஒன்றுமில்லாத இடத்தில் அழுத்தி அழுத்தி எடுத்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். சாரத்துக்குள் அந்தக் கால் தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

"நான் மிதிக்கேல்லைத் தம்பி," என்றார். "அது தானா மிதிக்குது."

தம்பி வீட்டு வாசல்

பாப்பாமோட்டைப் பக்கம் ஒரு செத்தவீடு. பிரேத வண்டிக்காரர் தன் பழைய வானை விற்றுவிட்டு, இரட்டைக் கிளச் உள்ள நீளக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். வாங்குகிறபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். வீட்டிலிருந்து கல்லறைகள் இருக்கும் சேமக்காலை வரைக்கும், செபமாலை சொல்லிக்கொண்டு நடந்து வருகிற சனத்தின் வேகத்துக்குப் பிரேதத்தைக் கொண்டுபோக வேண்டும். இரட்டைக் கிளச் கியர் பெட்டிக்கு அதைவிடக் கொடுமையான தண்டனை கிடையாது.

பாதி வழியில் கார் நின்றுவிட்டது. நின்ற இடம், செத்தவருடைய தம்பியின் வீட்டு வாசல். இருவருக்கும் வயல் வரம்பில் தகராறு. பல வருடமாக முகம் பார்ப்பதில்லை, செத்தவீட்டுக்கும் தம்பி வரவில்லை. பூட்டியிருந்த படலைக்கு முன்னால் பிரேதம் நின்றது. செபம் நின்றது, அழுகையும் நின்றது. யாரும் காரைத் தள்ள முன்வரவில்லை. எனக்கு ஃபோன் வந்து, மோட்டார் சைக்கிளில் நான் போய்ச் சேர இருபது நிமிடம். அதற்குள் தம்பி படலையைத் திறந்து வெளியே வந்து, சவப்பெட்டியில் தலையை வைத்து ஒரு மூச்சு அழுது முடித்திருந்தார். சாரதி மறுபடி ஸ்டார்ட் பண்ண, கார் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது.

கிளச் சூடேறினால் நிற்கும், இருபது நிமிடம் ஆறினால் ஓடும் என்று அடக்கம் முடிந்தபின் பிரேத வண்டிக்காரருக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும் அண்ணை," என்றார். "ஆனா அதுக்கு அந்த வாசலை ஆர் காட்டினது?"

லொறிக்காரர் கண்டது

மீன் ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர், வெளியூர்க்காரர், பிறேக் பார்க்க வந்தார். வேலை முடியும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். சில மாதங்களாகக் காலையில் தாம்போதியில் ஒரு வெள்ளைக் கார் ஊருகிறதாம். நாலு சிக்னலும் போட்டபடி, சைக்கிள் வேகத்தில். அதற்கு நூறு யார் தூரம் முன்னால் ஒரு பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் உழக்கிப் போகும். பின்னால் வருகிற லொறி முந்தப் பார்த்தால், கார் ஓரத்தை விட்டு நடுக்கோட்டுக்கு வந்து மறிக்கும். லொறி வேகத்தைக் குறைத்த பிறகுதான் வழி விடும். இவர் ஒரு நாள் ஆத்திரத்தில் ஹோர்ன் அடித்தபடி பக்கத்தில் போய்ப் பார்த்தாராம். உள்ளே ஒரு வயதாளி. இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண் முழுக்க அந்தச் சைக்கிளிலேயே இருந்ததாம்.

லொறிக்காரர்களுக்குள் அதற்குப் பேய்க்கார் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா, திரும்பிப் பார்க்காதா என்று கேட்டேன். கேட்டபிறகு என் கேள்வி எனக்கே மடத்தனமாகப் பட்டது. சோளகக் காற்று அடிக்கிற நாளில் தாம்போதியில் சைக்கிளில் போகிற யாரும் திரும்பமாட்டார்கள். கழுத்தைத் திருப்பினால் ஹாண்டில் திரும்பும், ஹாண்டில் திரும்பினால் ஆள் கடலில். காதிலும் காற்றைத் தவிர வேறொன்றும் விழாது.

போகிறபோது லொறிக்காரர் தன் கையை என்னிடம் நீட்டிக் காட்டினார். மயிர் சிலிர்த்திருந்தது. "இப்ப கொஞ்ச நாளாக் காணேல்லை அண்ணை. பிள்ளை மட்டும் தனியப் போகுது. இப்பதான் எனக்குக் கூடப் பயமாக் கிடக்கு."

மகள் கேட்டது

அதே மாதம் ஜெனிற்றா வந்தாள். தாம்போதிக்கு இந்தப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை செய்கிறவள். வெள்ளைக் காரை மச்சான்காரன் ஓட்டிவர, அவள் பின்னால் சைக்கிளில் வந்தாள். கார் அவளுடைய அப்பாவுடையது. அவருக்கு மன்னார் பஸாரில் ஹார்ட்வெயார் கடை; வீடும் கடையும் தீவுக்குள்ளேயே. ஒரு நாள் காலை கடைக்கென்று புறப்பட்டவர், தாம்போதியின் நடுவில், தெருவோரத்தில் நின்ற காருக்குள் செத்துக் கிடந்தார். இஞ்சின் ஓடியபடி இருந்தது. நாலு சிக்னலும் எரிந்துகொண்டிருந்தன.

மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கார் உதறி நடுத்தெருவில் நின்றிருக்கும், அந்தப் பயத்தில்தான் மாரடைப்பு வந்தது என்று வீட்டில் சொன்னார்கள். தாய் காரை வளவுக்குள் விடவில்லை. சாவுக் கார் என்று ஊரில் யாரும் வாங்கவும் இல்லை. ஜெனிற்றா அப்பாவோடு கதைத்து ஒன்றரை வருடமாம். அவள் விரும்பிய பொடியனை அவர் படியேற்றவில்லை. அவளைக் கந்தோருக்குக் கொண்டுபோய் விடத்தான் இந்தக் காரை வாங்கினார். சண்டைக்குப் பிறகு அவள் அதில் கால் வைக்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. காரின் சில்லைப் பார்த்துச் சொன்னாள்.

இவ்வளவும் கேட்டபிறகாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெள்ளைக் கார் எங்கள் ஊரில் உப்பு மாதிரி மலிவு. மேலும், வாடிக்கையாளர் கதை சொல்லும்போது என் காது பாதி இஞ்சினில் இருக்கும். அவளுடைய கடைசிப் பேச்சு மட்டும் முழுதாகக் காதில் விழுந்தது.

"கடைக்குப் போற மனுசனுக்குத் தாம்போதியில என்ன வேலை அண்ணை? கார் ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி. அப்பாவைக் கார் கொன்றதோ இல்லையோ, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

ஏழேகால்

கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை கார் என் கராஜில் நின்றது. இரண்டாம் நாள் காலை அது முனகியது. பூட்டியிருந்த கார். திறப்பு என் சட்டைப்பையில்.

இந்த ரகத்தில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தவுடனேயே பெட்டிக்குள் ஒரு சின்னப் பம்ப் ஓடும். ஆள் ஏறப் போகிறார், எண்ணெய் அழுத்தத்தைத் தயார் பண்ணுவோம் என்று 'ம்ம்ம்' என்றொரு முனகல். கதவு திறக்காமல் அது வர நியாயமில்லை. எருக்கலம்பிட்டி நௌஷாத் நானா என்னோடு மின்வேலை பார்க்கிறவர். கதவுச் சுவிட்சைக் கழற்றிப் பார்த்து, உப்பு பிடித்திருக்கிறது, காலை வெயில் பட்டதும் தகடு விரிந்து முட்டுகிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. சுரண்டித் துடைத்துப் பூட்டினோம். அடுத்த நாள் மூட்டம், பெயருக்கும் வெயில் இல்லை. நாங்கள் இருவரும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, நேற்று முனகிய அதே ஏழேகாலுக்கு முனகியது. பிறகு, யாரோ ஏறி இருந்து கதவைச் சாத்தியது போல, சத்தம் நின்றது.

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "உப்புக்கு வெயில் என்ன, மூட்டம் என்ன. புதுச் சுவிட்ச் போட்டாச் சரியாகும்," என்றவர், கராஜ் வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா தம்பி, நாளைக்கு நான் எட்டு மணிக்குப் பிறகுதான் வருவன்."

கை செய்த வேலை

ஸ்கானரை மாட்டினால் கியர் பெட்டி தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும். எப்போது சூடேறியது, அப்போது என்ன வேகம், எத்தனை மணி என்று எல்லாம் எழுதி வைத்திருக்கும். இந்தப் பெட்டியில் சூட்டுப் பதிவு பக்கம் பக்கமாக இருந்தது. வேகம் எட்டு, ஒன்பது, எட்டு. அதைத் தாண்டவே இல்லை. நேரம் காலை ஏழேகாலில் இருந்து ஏழரைக்குள், பின்னேரம் நாலே முக்காலில் இருந்து ஐந்துக்குள். சனி ஞாயிறு ஒன்றும் இல்லை. கழற்றிப் பார்த்தால் ஒன்று, மூன்று, ஐந்தைப் பிடிக்கிற தட்டு கருகிப் பளபளத்தது. மற்றது கடையில் வாங்கியது போலப் புதிதாக இருந்தது. அந்த மனிதர் காரைப் பெரும்பாலும் முதலாம் கியரிலேயே ஓடியிருக்கிறார்.

அப்போதுதான் லொறிக்காரருடைய கதை என் முதுகில் ஏறியது. கையில் தட்டோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். ஜெனிற்றாவின் அப்பா செத்த நாளைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்குச் சூட்டுப் பதிவு இல்லை. அன்றைக்குக் கார் ஒரு பிழையும் விடவில்லை. கியர் ஒழுங்காக நியூட்டலில் போட்டு, கைப்பிறேக்கும் இழுத்திருந்ததாக மச்சான்காரன் முன்பே சொல்லியிருந்தான். நெஞ்சு நொந்தவர் காரைப் பத்திரமாக ஓரம் கட்டியிருக்கிறார். நூறு யார் முன்னால் மகள் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு நான் செய்ததுதான் என்னால் என்னை மன்னிக்க முடியாத வேலை. புதுத் தட்டுப் பூட்டியதும் பழைய பதிவை அழித்து, பெட்டிக்குப் புதிதாகப் படிப்பிக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை. நினைவு எங்கோ இருக்க, விரல் தன்பாட்டில் அழுத்திவிட்டது. திரை வெறுமையாகி, 'பிழைகள் இல்லை' என்றது. ஒரு மனிதர் தினமும் இரண்டு தடவை எழுதி வைத்ததை ஒரு விரலால் துடைத்துவிட்டேன். இனிச் சொல்வதென்றால் என் வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், அப்பாவைக் கார் கொன்றது என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். சொன்னால், தான் திரும்பிப் பார்க்காமல் போனதை நினைத்துக்கொண்டிருப்பாள். இதில் எது குறைந்த நோவு என்று எந்த ஸ்கானரும் காட்டாது.

நானாவைக் கேட்டேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "கியரைக் கேட்டா கியரைச் சொல்லு. குடும்பத்தைக் கழட்டாத தம்பி, உனக்குப் பூட்டத் தெரியாது."

தாம்போதியில் ஒரு ஓட்டம்

கார் எடுக்க ஜெனிற்றா தனியாக வந்தாள். ஓடிப் பார்க்க வேண்டும், ஓடத் தெரியுமா என்று கேட்டேன். அப்பாதான் பழக்கினவர் என்றாள். பக்கத்தில் ஏறி இருந்தேன். நானா சொன்னதை நூறு தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கார் அவரைக் கொல்லவில்லை, அன்றைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள்.

தாம்போதியில் ஏறியதும் காற்று காரைப் பிடித்து உலுப்பியது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், யாரோ. முந்தாமல் ஜெனிற்றா வேகத்தைக் குறைத்தாள். எட்டு, ஒன்பது. கார் ஒரு உதறலும் இல்லாமல் ஊர்ந்தது. என் வேலை நன்றாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

"முந்தி எந்த வேகத்தில உதறினது அண்ணை?"

"இந்த வேகத்திலதான் பிள்ளை."

"கார் ஏன் இந்த வேகத்தில போகோணும்?"

நான் கடலைப் பார்த்தேன். அவள் விடவில்லை. "பதிவில நேரம் இருக்கும் எண்டு மச்சான் சொன்னவன். எத்தினை மணி?"

"காலமை ஏழேகால்," என்றேன். "பின்னேரம் நாலே முக்கால்." தொடங்கியாயிற்று, மிச்சத்தையும் சொன்னேன். "லொறியளை நெருங்க விடாமல் மறிச்சவராம். ஒவ்வொரு நாளும்."

காரை ஓரம் கட்டினாள். நாலு சிக்னலையும் போட்டாள், கியரை நியூட்டலுக்குத் தள்ளினாள், கைப்பிறேக்கை இழுத்தாள். எல்லாம் அதே ஒழுங்கில். என் உடம்பு சில்லிட்டது. அவர் பழக்கின ஒழுங்கு அதுதான் என்று பிறகுதான் யோசித்தேன். முன்னால் போன பெண் சின்னதாகிச் சின்னதாகி மறையும்வரை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகுதான் அழுதாள். நான் இறங்கிக் காற்றில் நின்றேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

நெடுநேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கினாள். முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் கடைக்காரரிடம் சாமான் கேட்பது போல நிதானமாக இருந்தது.

"அண்ணை, கோவியாதேங்கோ. அந்த உதறலைத் திருப்பிப் போட ஏலுமோ?"

எந்தப் பெட்டியையும் திருத்துவேன் என்று கராஜ் வாசலில் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன். கெடுத்துத் தரச் சொல்லிக் கேட்டவள் அவள் ஒருத்திதான், அதைச் செய்யத் தெரியாமல் தலைகுனிந்து நின்றதும் அந்த ஒரு தடவைதான்.